புதுச்சேரி ஆசிரம விளையாட்டுத் திடலும் முதுமையும்

இரண்டாம் உலகப் போரின்போது, அச்சத்தால் பல அடியார் குடும்பங்கள் குழந்தைகளுடன் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் தஞ்சம் புகுந்தன. அதுவரை பெரியவர்களின் அமைதியான தவச்சாலையாக இருந்த இடத்தில் 1943 டிசம்பர் 2 அன்று பள்ளி தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் உடற்பயிற்சியும் வந்தது. சிறுவர்களுக்காகத் தொடங்கிய அப்பயிற்சியில் காலப்போக்கில் நரைத்த தலைகளும் சேர்ந்தன.

அவர்களில் மூத்தவர்களுள் ஒருவர் ஆசிரமத்தை நடத்திய அன்னை மிரா அல்ஃபாசா. 1878இல் பாரிஸில் பிறந்தவர்; 1920 முதல் புதுச்சேரிவாசி. சிறுவயதில் கற்ற டென்னிஸை எழுபது வயதையொட்டி மீண்டும் கையில் எடுத்தார். கடற்கரையோர மைதானத்தில் மாலைதோறும் இளைஞர்களுடன் ஆடுவார். பிறகு விளையாட்டுத் திடலுக்குச் செல்வார். 1950களில் அங்கே பிரெஞ்சு மொழியில் வகுப்பு நடத்தினார்: ஒரு நூற்பகுதியை வாசிப்பார், கேள்விகளுக்கு அங்கேயே விடை சொல்வார். சிறுவர்களின் கேள்விக்கு ஆயத்தமின்றி விடை சொல்வது எந்த வயதிலும் எளிதன்று.

ஆசிரமத்தின் நோக்கம் ஆன்மிகம். முதுமை நலம் அன்று. ஆயினும் ஓட்டம், வாசிப்பு, இளையோர் கூட்டம் மூன்றும் ஒரே மாலைக்குள் அமைந்தன. பின்லாந்தில் 60 முதல் 77 வயதுடைய 1,260 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, உணவு, உடற்பயிற்சி, மூளைப்பயிற்சி, இதயநலக் கண்காணிப்பு ஆகியவை சேர்ந்தால் அறிவுத்திறன் காக்கப்படுவதைக் காட்டியது. ஒருவரின் வாழ்க்கை அத்தகைய சான்றாகாது.

அன்னை ஏறத்தாழ எண்பது வயதுவரை ஆடினார். 1958 டிசம்பரில் நோயுற்றபின் ஆட்டமும் வகுப்பும் நின்றன. 1973 நவம்பர் 17 அன்று 95 வயதில் மறைந்தார்.