பழைய கடிதங்களை எரிக்கும் முன் ஒரு நிமிடம்

போன மாசம் கோயில் துப்புரவுப் பணியில நடந்த விஷயம் இது.

நம்ம கோயில் அரசமரத்தடியில பழைய சாமி படங்களை வச்சிட்டுப் போறது வழக்கம். நாங்க தொண்டர்கள் அதையெல்லாம் பிரிச்சு அப்புறப்படுத்துவோம். இந்த முறை படங்களோட ஒரு பிஸ்கட் டின். உள்ளே நூல் கட்டிய கடிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் பிள்ளையார் சுழி. குப்பையில போட மனசு வராமதான் கொண்டு வந்திருக்காங்க. எரிக்கிற பக்கம் வச்சிட்டோம். எங்கள்ல ஒருத்தர் ஒன்றைப் பிரிச்சுப் படிச்சார். அதோட வேலை நின்னு போச்சு.

நம்ம தாத்தா பாட்டி காலத்துல ஊருக்கும் தோட்டத்துக்கும் இருந்த ஒரே பாலம் கடிதம்தான். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் ஓடிய ரஜூலா போன்ற கப்பல்களில் ஆளோடு தபாலும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவங்க நிறைய பேர். தோட்டத்துக் கிராணியோ தமிழ்ப்பள்ளி வாத்தியாரோ படிச்சுக் காட்டணும், அவங்களே பதிலும் எழுதணும். புருஷன் பொண்டாட்டி சேதியைக்கூட மூணாவது மனுஷன் முன்னாலதான் சொல்லணும். அதனாலதான் பாதிக் கடிதம் 'நலம், நலமறிய ஆவல்' என்றே போகும்.

அந்த டின்னில் 1941க்கு அப்புறம் நாலு வருஷம் ஒரு கடிதமும் இல்லை. ஜப்பான்காரன் காலம். 1942 தொடங்கி 1945 வரை ஊரோடு தொடர்பு அறுந்து போச்சு. யார் இருக்கா, யார் சயாம் ரயில் பாதைக்குப் போய்ச் செத்தா என்று ஊருக்குத் தெரியாது. 1946ல் வந்த முதல் கடிதத்தில் தம்பி எழுதியிருக்கார்: அம்மா தவறி ரெண்டு வருஷம் ஆச்சாம். கடைசி வரை தபால்காரரைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.

சாவுச் செய்தி வந்தா படிச்ச உடனே கிழிச்சுப் போடுவது நம்ம வழக்கம். அந்தப் பெரியவர் இதை மட்டும் கிழிக்கல.

இன்னொரு கடிதம் 1958ல் வந்தது. 'நீ அனுப்பிய பணத்தில் நம்ம ஏரிக்கரை அய்யனாருக்குப் பொங்கல் வைத்தோம்' என்று இருந்தது. கீழே ஊர் பெயர், சேலம் ஜில்லா, நாமக்கல் தாலுகா.

உறையில் இருந்த பெயரை வச்சு வீட்டைத் தேடிப் பிடிச்சோம். பேரன் நமக்குத் தெரிஞ்சவர்தான். மகள் கல்யாணத்துக்கு 'எங்க குலதெய்வம் யாருன்னே தெரியாது, முருகனையே கும்பிட்டுக்கிறோம்' என்று சொன்ன அதே மனுஷன். அவருக்குத் தமிழ் படிக்க வராது. நாங்க படிக்கப் படிக்க, படியிலேயே உட்கார்ந்துட்டார். எரிக்கச் சொல்லி அனுப்பினதும் அவர் வீடுதான்.

அன்பர்களே, தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோதே நாம நிறைய தொலைச்சிட்டோம். பெரியவங்க பெட்டியைக் காலி பண்ணும்போது கடிதங்களைத் தனியா எடுத்து வையுங்க. படிக்கத் தெரியலையா, ஞாயிற்றுக்கிழமை பூஜைக்கு அப்புறம் கொண்டு வாங்க, நாங்க படிச்சுச் சொல்றோம். சேதி வெளியே போகாது. பழைய ஜில்லா பெயரை வச்சுத் தேடினா குழப்பம் வரும். நாமக்கல் 1997லயே தனி மாவட்டம் ஆயிடுச்சு. ஊர், தாலுகா பெயரை வச்சுத் தேடுங்க.

அந்தக் குடும்பம் தைப்பூசம் முடிஞ்சு ஊருக்குப் போறாங்க. அய்யனார் இருக்காரா, ஏரி இருக்கா, போய்ப் பார்த்தாத்தான் தெரியும். டின்னும் கூடப் போகுது.

முருகா சரணம்.