கேட்பது வேறு, சேர்ந்து முடிவெடுப்பது வேறு

2025 ஜூலையில் மராத்தியர் காலப் போர்த் தளங்கள் என்ற வரிசையில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் அவற்றை இணைக்கும் மதில்களையும் பராமரிப்பது மத்தியத் தொல்லியல் துறை. வட்டாரத்தின் காப்புக்காடுகள் வனத் துறையின் பொறுப்பில் உள்ளன. ஏரிகள் நீர்வளத் துறைக்கும், புறம்போக்கு நிலங்கள் வருவாய்த் துறைக்கும் உரியவை. இந்த நிர்வாகப் பங்கீட்டில் எங்குமே பெயர் காணப்படாத ஒரு சமூகம், இவை எல்லாவற்றையும் சார்ந்தே நெடுங்காலம் வாழ்ந்துவந்திருக்கிறது. அவர்கள் இருளர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மலையாளிப் பழங்குடியினருக்கு அடுத்து மாநிலத்தின் இரண்டாவது பெரிய பழங்குடி இவர்களே. குறிப்பாக நலிவுற்ற பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியுள்ள தமிழ்நாட்டின் ஆறு குழுக்களில் இருளரும் உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில் இவர்கள் பெரிய ஊர்களாகத் திரண்டு வாழவில்லை. ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் சிறு சிறு குடியிருப்புகளாகச் சிதறிக் கிடக்கிறார்கள். இந்தச் சிதறல் ஏன் முக்கியம் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

பழங்குடி மக்களின் நிலம், காடு, நீர் குறித்த முடிவுகளை அரசு தனியே எடுக்காமல் அவர்களோடு சேர்ந்து எடுப்பதற்கான உடன்படிக்கைகள் உலகின் சில நாடுகளில் நடைமுறையில் உள்ளன. அவற்றைக் ‘கருத்துக் கேட்பு’ என்ற சொல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கருத்துக் கேட்பில் அரசு கேட்கும், மக்கள் சொல்வார்கள், பின்னர் அரசு தான் நினைத்ததைச் செய்யலாம். கூட்டு முடிவில், இரு தரப்பின் கையெழுத்தும் இல்லாமல் கோப்பு நகராது. இந்த வேறுபாட்டை உரசிப் பார்க்க ஒரு கேள்வி போதும்: ‘வேண்டாம்’ என்று பழங்குடி மக்கள் சொன்னால் என்ன நடக்கும்?

பாறைக் குன்றால் பெயர் பெற்ற ஊருக்கு, இன்னொரு பாறைக் குன்றின் கதையே பொருத்தமானது. ஆஸ்திரேலியாவின் நடுவே உள்ள உலுரு பாறையை 1985 அக்டோபர் 26 அன்று அதன் மரபுரிமையாளர்களான அனாங்கு மக்களிடம் அந்நாட்டு அரசு திருப்பி அளித்தது. அவர்கள் அதே நாளில் 99 ஆண்டுகளுக்கு அரசுக்கே குத்தகைக்கு விட்டார்கள். பூங்காவை நிர்வகிக்கும் வாரியத்தின் 12 உறுப்பினர்களில் 8 பேர் அனாங்கு தரப்பினர். அந்தப் பாறை அவர்களுக்குப் புனிதமானது. அதன்மீது ஏறாதீர்கள் என்று அவர்கள் பல்லாண்டுகள் கேட்டுக்கொண்டும் சுற்றுலாப் பயணிகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2017இல் வாரியம் ஏற்றத்தை நிறுத்த ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26 முதல் பாறையில் ஏறுவது தடைசெய்யப்பட்டது. வேண்டுகோளாக இருந்தவரை புறக்கணிக்கப்பட்ட ஒன்று, வாரியத்தின் முடிவான பின் சட்டமாயிற்று. உலுருவும் உலகப் பாரம்பரியச் சின்னம்தான். தடைக்குப் பிறகும் அது அப்படியே நீடிக்கிறது.

கனடாவின் மேற்குக் கடலில் உள்ள ஹைடா குவாய் தீவுகளின் அனுபவம் இன்னும் நுட்பமானது. அங்கே மரம் வெட்டுவதற்கு எதிராக ஹைடா மக்கள் 1985இல் சாலையை மறித்துக் கைதானார்கள். அதன் தொடர்ச்சியாக 1993இல் குவாய் ஹானாஸ் ஒப்பந்தம் உருவானது. இந்த ஒப்பந்தத்தின் தனிச்சிறப்பு, நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை அது தீர்க்கவில்லை என்பதுதான். நிலம் எங்களுடையது என்று ஹைடா மக்களும், அரசுடையது என்று கனடாவும் ஒரே ஆவணத்தில் அருகருகே எழுதிக் கையொப்பமிட்டார்கள். உரிமை பற்றி உடன்படவில்லை. ஆனால் காட்டைக் காக்க வேண்டும் என்பதில் உடன்படுகிறோம் என்பதே அதன் சாரம். நிர்வாக வாரியத்தில் இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை. பட்டா யார் பெயரில் என்று முடிவான பிறகே மற்றவை என்று தலைமுறைகளைக் காத்திருக்க வைக்கும் நம்முடைய வருவாய் நிர்வாகத்துக்கு இது வியப்பாகவே இருக்கும்.

இந்தத் தீவுகள் அமைந்துள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2019இல் ஒருபடி முன்னே சென்றது. பழங்குடி அரசுகளோடு கூட்டாக முடிவெடுக்கவும், அவற்றின் ஒப்புதலைக் கட்டாயமாக்கவும் உடன்படிக்கை செய்துகொள்ள அரசுக்கு வழிவகுக்கும் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2022இல் டால்டன் பழங்குடி அரசோடு முதல் ஒப்புதல் உடன்படிக்கை கையெழுத்தானது; எஸ்கே கிரீக் தங்க, வெள்ளிச் சுரங்கம் தொடர்பானது அது.

இந்தியா 2007இல் ஐ.நா.வின் பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இந்தியர் அனைவருமே இந்த மண்ணின் பூர்வகுடிகள்தான் என்பது டெல்லியின் நிலைப்பாடு. எனவே இங்கே உடன்படிக்கை கிடையாது. சட்டம் மட்டுமே உண்டு. அதிலும் தமிழ்நாட்டின் நிலை தனி. அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் இங்கே இல்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளின் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே பொருந்தாது. பழங்குடியினர் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர், இயன்ற வரை, சட்டமன்றத்தின் பழங்குடிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பு. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். ஆலோசனை சொல்வதற்குக்கூட ஆள் பற்றாத குழு அது. தன்னிடம் அனுப்பப்பட்டதைப் பற்றி மட்டுமே அது கருத்துச் சொல்ல முடியும்.

கூட்டு வன மேலாண்மை என்ற பெயரில் ஒரு திட்டமும் நடந்தது. 1990 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட சுற்றறிக்கையை ஒட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு 1997 முதல் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைக்கப்பட்டன. தடுப்பணைகள் கட்டப்பட்டன, கன்றுகள் நடப்பட்டன, சிலருக்குக் கடனும் கிடைத்தது. ஆனால் குழுவை அமைப்பதும் கணக்கைக் கையாள்வதும் வனத் துறையே. நிதி வற்றியதும் பல குழுக்கள் பெயரளவில் மிஞ்சின. பெயரில் ‘கூட்டு’ இருந்தது, முடிவில் இல்லை.

இருளர்கள் அரசோடு சேர்ந்து நடத்தும் ஓர் ஏற்பாடு உலகப் புகழ் பெற்றது. 1978இல் தொடங்கப்பட்ட, வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம்தான் அது. பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டதும் பிழைப்பிழந்த மக்களின் திறமையை, உயிர்காக்கும் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சு எடுப்பதற்குத் திருப்பிய அரிய முயற்சி. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். 2023இல் இச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எனினும் எந்தப் பாம்பை எத்தனை பிடிக்கலாம் என்பதற்கு அரசின் அனுமதி ஆணை வேண்டும். ஆணை வரும்வரை வேலை இல்லை, வருமானமும் இல்லை. வயலில் எந்த வளையில் எது இருக்கிறது என்று அறிந்தவர்கள் இருளர்கள். எண்ணிக்கையை முடிவுசெய்யும் மேசையில் அவர்களுக்குச் சமமான நாற்காலி இல்லை. அறிவைப் பகிர்ந்துகொண்ட அரசு, அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளவில்லை.

உண்மையான பகிர்வுக்கு மிக அருகில் வருவது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். தனிநபரின் சாகுபடி நிலத்துக்கு உரிமை தருவதாகவே அது பரவலாக அறியப்பட்டுள்ளது. அதன் முதன்மையான பகுதி வேறு: மரபாகப் பயன்படுத்திவந்த காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் ஊருக்கு உரிமை தரும் ‘சமூக வன வள உரிமை’. மகாராஷ்டிரத்தின் மேந்தா-லேகா கிராமம் 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்கு இந்த உரிமையைப் பெற்றது. நம் சத்தியமங்கலத்துக்கு அப்பால் உள்ள பிலிகிரி ரங்கன் மலையில், புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டுக்குள்ளேயே சோளகர் மக்கள் 2011இல் சமூக உரிமை பெற்றார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமையைக் காட்டியது ஒடிசாவின் நியமகிரி. பாக்சைட் சுரங்கம் தங்கள் மலையின் மீதான வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன. சுரங்கம் வரவில்லை.

இந்த வலிமை தானாக நிலைப்பதில்லை. காட்டு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் முன் கிராம சபையின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 2009இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவுறுத்தியது. 2022இன் வனப் பாதுகாப்பு விதிகளோ, மத்திய அரசு அனுமதி அளித்த பின்னர் மாநில அரசு வன உரிமைச் சட்டம் நிறைவேறுவதை உறுதிசெய்துகொள்ளலாம் என்று வரிசையை மாற்றின. பழங்குடியினருக்கான தேசிய ஆணையமே இதை ஆட்சேபித்தது. முதலில் கேட்க வேண்டிய ஒப்புதலை, எல்லாம் முடிந்த பின் கேட்டால் அது ஒப்புதலாகாது. தகவல் அறிவிப்பே ஆகும்.

தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகவே நடைமுறைக்கு வந்தது. தன் அனுமதியின்றி உரிமைப் பட்டயம் வழங்கக் கூடாது என்று 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் விதித்த கட்டுப்பாடு, 2016இல் உச்ச நீதிமன்றத்தால்தான் நீங்கியது. அதன் பின்னரும் தனிநபர் உரிமைகளே முன்னிலை பெற்றன. சமூக வன வள உரிமை மிக அரிதாகவே ஏற்கப்பட்டுள்ளது.

செஞ்சிக்கு இது எப்படிப் பொருந்தும்? வட்டாரத்தில் பாக்கம் மலைக்காடு போன்ற காடுகள் உள்ளன. தேன், கிழங்கு, மூலிகை, விறகு என்று காட்டோடு இருளருக்கு உள்ள தொடர்பு புதிதன்று. எனினும் இங்கே மூன்று முடிச்சுகள் இருப்பதாகத் தோன்றுகிறது. முதலாவது, சான்றிதழ். பழங்குடி என்ற சாதிச் சான்று இல்லாமல் அந்தத் தகுதியில் உரிமை கோர முடியாது. வட மாவட்ட இருளர்கள் அதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்த வரலாறு திண்டிவனத்தில் இயங்கும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் போராட்டங்களில் பதிவாகியுள்ளது. அச்சான்றை வழங்குபவர் கோட்டாட்சியர். வன உரிமைக் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் கோட்ட அளவிலான குழுவின் தலைவரும் அந்த நிலை அதிகாரியே. ஒரு கதவு மூடினால் மறு கதவும் மூடும் அமைப்பு இது.

இரண்டாவது, வராதவர்கள். உரிமைக் கோரிக்கைக்கான கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது கூட வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கின்றன 2012இல் திருத்தப்பட்ட விதிகள். நல்ல விதிதான். ஆனால் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு வெளியூர் போன மக்கள் எந்தச் சபையில் கூடுவார்கள்? முன்பணத்தால் கட்டுண்டு கிடப்பவருக்கு, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் சேர்ந்து செயல்பட்டால்தான் வன உரிமைச் சட்டம் எட்டும்.

மூன்றாவதே பெரியது. எந்தச் சபை? ஊராட்சி முழுவதற்குமான கிராம சபையில் ஆயிரக்கணக்கானோர் நடுவே இருபது, முப்பது இருளர் குடும்பங்களின் குரல் எப்போதும் சிறுபான்மையே. நிலமுடையோரும் குத்தகைதாரரும் நிறைந்த அச்சபையில் அவர்கள் எழுந்து பேசுவதே அரிது. ஆனால் வன உரிமைச் சட்டம் ‘கிராமம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில், அளவையிடப்படாத ஊர்களும் பழைய குடியிருப்புகளும் அடங்கும். பல ஊர்களை அடக்கிய ஊராட்சி அளவில் அல்லாமல், குடியிருப்பு அளவிலேயே சபையைக் கூட்ட வேண்டும் என்பதை மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமும் 2012இல் வலியுறுத்தியது. அதற்குப் புதிய சட்டமோ சென்னையின் அமைச்சரவை முடிவோ தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் போதும்.

எதிர்வாதம் ஒன்றுண்டு; அதில் நியாயமும் இருக்கிறது. செஞ்சி ஹைடா குவாய் அன்று. இங்கே காடு சிறியது; அதைச் சார்ந்திருப்போரில் ஆடு மாடு மேய்க்கும் பிற சமூகத்தினரும், பட்டியல் சாதியினரும் உண்டு. இருளரிடம் மட்டும் காட்டை ஒப்படைப்பது எப்படி? வன உரிமைச் சட்டம் அப்படி ஒப்படைக்கச் சொல்லவில்லை. மூன்று தலைமுறைகளாகக் காட்டைச் சார்ந்த பிறரும் அதில் உரிமை கோரலாம். வன உரிமைக் குழுவின் 10 முதல் 15 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. உலுருவின் வாரியத்திலும் இதே விகிதம்தான் என்பது தற்செயலான ஒற்றுமை.

சமூக வன வள உரிமைக்கென 2012 விதிகளில் தனிப் படிவம் ஒன்று இருக்கிறது. காட்டின் எல்லைகளை, ஓடை, பாறை, வழிபாட்டிடம் முதலிய அடையாளங்களோடு விவரித்து அதில் எழுத வேண்டும். பழைய ஆவணம் இல்லாதவர்கள், ஊரின் முதியவர்கள் சொல்வதை எழுத்தில் பதிந்து சான்றாக இணைக்கலாம் என்று விதி இடமளிக்கிறது. காட்டின் எல்லையை நடந்தே அறிந்த அந்த முதியவர்கள் இப்போது எழுபதைக் கடந்தவர்கள்.