திருவாரூர் முத்துசாமி

கணக்குப்பிள்ளைக்கு உதவியாள் வேலை. சம்பளம் மாதம் ஒரு ரூபாய். சிறு வயதிலேயே தகப்பனை இழந்த முத்துசாமிக்கு வேறு வழி இருக்கவில்லை. 1832இல் தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் பிறந்த இந்தப் பையன்தான், தன் அறுபத்தோராம் வயதில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி நாற்காலியில் அமர்ந்தான்.

அவனைக் கண்டெடுத்தவர் திருவாரூர் தாசில்தார் முத்துசாமி நாயக்கர். ஒரு நாள் ஆற்றில் உடைப்பெடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. கச்சேரியில் பெரியவர்கள் எவரும் இல்லாததால் பையனையே போய்ப் பார்த்துவரச் சொன்னார். அவனோ சேதம் எவ்வளவு, அடைக்க என்னென்ன வேண்டும் என்பது வரை ஒன்றுவிடாமல் வந்து ஒப்பித்தான். தாசில்தார் முதலில் நம்பவில்லை, விசாரித்த பிறகே வியந்தார் என்று முத்துசாமி ஐயரின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்வார்கள். அதன்பின் படிக்க நாகப்பட்டினம் மிஷன் பள்ளிக்குப் போனான். கோத்தா திங்கி வட்டாரத்துத் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன், பூட்டன்மார் பலர் கப்பலேறிய அதே நாகப்பட்டினம்தான். அங்கிருந்து சென்னை.

1854இல் மாகாண அளவிலான ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் அவர் வென்ற பரிசு 500 ரூபாய். பழைய சம்பளக் கணக்கில் அது நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பு! பிறகு வக்கீல் தேர்வு, தரங்கம்பாடியில் முன்சீப், மங்களூரில் சப்-ஜட்ஜ், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட் என்று படிப்படியாக ஏறினார். இங்கிலாந்து போய்ப் பாரிஸ்டர் ஆனவரல்லர். கீழ்க்கோர்ட்டுகளிலேயே சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர்.

1878இல் உயர் நீதிமன்ற நீதிபதியாக அவர் நியமிக்கப்பட்டதும், சென்னையில் வெள்ளையர் நடத்திய பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. அந்த நாற்காலியில் அதற்கு முன் இந்தியர் எவரும் அமர்ந்ததில்லை. அவருக்காகப் பேச இந்தியர் கையில் ஒரு பத்திரிகை இல்லையே என்று ஆறு இளைஞர்கள் பொருமினார்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, செப்டம்பர் 20ஆம் தேதி 80 பிரதிகள் அச்சிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் ‘தி இந்து’. அந்த அறுவரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் நான்கே ஆண்டுகளில் ‘சுதேசமித்திரன்’ இதழைத் தமிழுக்குத் தந்தார். ஒரு நியமனம் இரண்டு பெரும் பத்திரிகைகளுக்குப் பாதை போட்டது என்றால் மிகையில்லை.

1893இல் மூன்று மாதம் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்தார். அதே ஆண்டு ‘சர்’ பட்டமும் வந்தது. நம் ஜொகூர் சுல்தான் அபு பாக்கார் மீது ஓர் ஆங்கிலேயப் பெண் லண்டனில் தொடுத்த வழக்கு நடந்ததும் அதே ஆண்டில்தான். இறையாண்மையுள்ள மன்னர் ஆங்கிலேய நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர் என்று தீர்ப்பாயிற்று. ஜொகூரின் இறையாண்மையை ஒப்புக்கொண்ட பேரரசு, சென்னையின் தலைமை நீதிபதிப் பதவியை ஓர் இந்தியருக்கு மூன்று மாதத்துக்கு மேல் தர மனம் வைக்கவில்லை. தகுதியில் அவருக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

1895 ஜனவரி 25ஆம் தேதி முத்துசாமி ஐயர் காலமானார். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இந்தியர் ஒருவர் நிரந்தரத் தலைமை நீதிபதியானது 1948இல்தான். அவர் பி. வி. ராஜமன்னார்.