நூற்றுக்கு எத்தனை?

நம்ம ராமநாதபுரம் ஜில்லாவில் சதவீதத்தை யாரும் கணக்கு வாத்தியாரிடம் கற்றுக்கொள்வதில்லை, வட்டிக்காரரிடம்தான் கற்றுக்கொள்கிறோம். ‘ரெண்டு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு 2 ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத மிளகாய்ச் சம்சாரிகூட இந்தக் கணக்கை வாயாலேயே போட்டுவிடுவார். பேங்கில் முப்பத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கணக்கில் ஒரு இடம் புரிய ரொம்ப நாள் ஆனது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

போன மாதம் தங்கை மகன் வந்திருந்தான். “மாமா, ஒரு ஸ்கேன் எழுதித் தாங்க” என்றான். ஸ்கேன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு மதுரை ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். அவன் கேட்டது அதை இல்லை. பங்குச் சந்தையில் இன்று எந்தெந்தப் பங்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறியது, இறங்கியது என்று ஆயிரக்கணக்கான பங்குகளை அலசி ஒரு பட்டியல் எடுத்துத் தரும் சூத்திரம். இப்போது போனில் ஒரு நொடி வேலை. அதே வேலையை நான் 1992-ல் ராமேஸ்வரம் கிளையில் பென்சிலும் கால்குலேட்டருமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது ரோடு பாலம் திறந்து நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. பத்திரிகைக் கட்டு பஸ்ஸில் வந்து இறங்கும். ஆங்கிலப் பத்திரிகையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் பங்கு விலைகள் இருக்கும். கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் முந்தைய நாள் முடிவு விலை, அதற்கப்புறம் அன்றைய விலைகள். சாப்பாட்டு வேளையில் நாற்பது பக்க நோட்டில் முப்பது கம்பெனிகளை எழுதி, இன்றைய விலையில் நேற்றைய விலையைக் கழித்து, நேற்றைய விலையால் வகுத்து, நூறால் பெருக்குவேன். எங்கள் மேலாளர், “எதுக்குய்யா வகுக்கிறே? எத்தனை ரூபா ஏறுச்சுன்னு பாத்தா போதாதா?” என்று கேலி செய்வார். 50 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் ஏறுவதும் 2,000 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் ஏறுவதும் ஒன்றில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு ரூபாய்தான் கணக்கு.

அந்த வருஷம்தான் ஏ.சி.சி. சிமெண்ட் பங்கு சுமார் 200 ரூபாயிலிருந்து ஏறக்குறைய 9,000 வரை பறந்தது. ஹர்ஷத் மேத்தா காலம். என் நோட்டில் தினமும் முதலிடத்தில் அதுதான் நிற்கும். ஏன் ஏறுகிறது என்று நோட்டு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏப்ரல் 23-ம் தேதி சுசேதா தலால் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் பேங்க் பணம் எப்படிச் சந்தைக்குப் போனது என்று எழுதினார். 28-ம் தேதி சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. மேலாளர் “ஐந்நூத்தி எழுபது!” என்று நாள் முழுக்கப் புலம்பினார். நான் வகுத்துப் பார்த்தேன்: 12.77 சதவீதம்.

இந்த வகுத்தல் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிற்காலம் சாட்சி. 2004 மே 17-ல் மறுபடி 564 புள்ளி விழுந்தது. ஏறக்குறைய அதே எண்தான். ஆனால் குறியீடு அதற்குள் உயர்ந்திருந்ததால் 11.14 சதவீதம். 2020 மார்ச் 23, மக்கள் ஊரடங்குக்கு மறுநாள், 3,934 புள்ளி விழுந்தது. புள்ளியைப் பார்த்தால் 1992-ஐப் போல ஏழு மடங்கு. சதவீதத்தில் 13.15, அதாவது கிட்டத்தட்ட ஹர்ஷத் மேத்தா நாள் அளவுதான். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த அன்று 4,389 புள்ளி. டி.வி.யில் வரலாறு காணாத வீழ்ச்சி என்றார்கள். 5.74 சதவீதம். எங்கள் மேலாளர் இருந்திருந்தால் மயக்கமே போட்டிருப்பார்.

சென்னைப் பங்குச் சந்தையைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1920-ல் நூறு உறுப்பினர்களோடு தொடங்கியது. 1923-ல் மூன்று பேர்தான் மிஞ்ச, இழுத்து மூடினார்கள். 97 சதவீத வீழ்ச்சி! 1937-ல் மறுபடி திறந்தார்கள்.

என் நோட்டுக்கு வேலை போனது தொண்ணூறுகளின் பின்பாதியில். 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கம்ப்யூட்டர் திரையில் பங்கு வியாபாரத்தைத் தொடங்கியது. மும்பைச் சந்தையும் அடுத்த வருஷம் கூச்சலை விட்டுத் திரைக்கு வந்தது. நாள் முடிவில் எல்லாப் பங்கின் விலையும் ஒரே கோப்பாக வரத் தொடங்கியது. ‘பாவ் காப்பி’ என்பார்கள். பாவ் என்றால் இந்தியில் விலை. ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காத்திருந்து அதை ஃபிளாப்பியில் இறக்கி, வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்ஸெல்லில் போட்டு ஒரே சூத்திரத்தைக் கீழே வரை இழுத்தால், முப்பது கம்பெனி பார்த்த இடத்தில் ஆயிரத்துக்கு மேல். பிறகு போலந்துக்காரர் தோமஸ் யானெச்கோ எழுதிய ஆமிபுரோக்கர் மென்பொருளை ஒரு நண்பர் வீட்டில் பார்த்தேன். ‘இன்றைய முடிவு, நேற்றைய முடிவு × 1.05-ஐ விடப் பெரிதா?’ என்று ஒரு வரி எழுதினால் பட்டியல் வந்து விழும். வெறி பிடித்துப் போனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இரண்டு பேர் 1993-ல் எழுதியது. அமெரிக்கப் பங்குகளில், முந்தைய ஆறு மாதம் நன்றாக ஏறியவற்றை வாங்கி, மோசமாக இறங்கியவற்றை விற்று, ஆறு மாதம் வைத்திருந்தால் வருஷத்துக்குச் சராசரி 12 சதவீதம் கிடைத்தது என்று 1965 முதல் 1989 வரை கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார்கள். பேரே நம்ம பேராக இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. ‘ஏறுவது இன்னும் ஏறும்’ என்பது மட்டும் மனசில் தங்கியது. ‘ஆறு மாதம்’ என்பது தங்கவில்லை.

2007-ல் ‘மூன்று நாள் தொடர்ந்து 4.5 சதவீதத்துக்கு மேல் ஏறிய பங்கு’ என்று ஒரு ஸ்கேன் எழுதினேன். ஒரு சின்னக் கம்பெனி வந்தது. பேர் வேண்டாம். 41 ரூபாய்க்கு 2,000 பங்கு வாங்கினேன். 82,000 ரூபாய். மகளின் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தப் பங்குக்கு ஒரு நாளில் 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்று சந்தை வரம்பு வைத்திருந்தது. ஏறும்போது அது 4.5-ஐத் தாண்டி வரிசையாக வந்ததே அதனால்தான். யாரோ ஒரு சிலர் கொஞ்சம் பங்கை வைத்துக்கொண்டு தினமும் வரம்பு வரை தள்ளியிருக்கிறார்கள். இறங்கும்போது காலையில் சந்தை திறந்ததுமே 5 சதவீதம் கீழே. வாங்க ஆளே இல்லை. விற்பவர் வரிசையில் நான் எங்கோ கடைசியில். பதினேழு நாள் அப்படியே. பதினேழை ஐந்தால் பெருக்கினால் 85 சதவீதம் போயிருக்க வேண்டுமே என்று தோன்றும். இல்லை. ஒவ்வொரு நாளும் வகுக்கும் எண் முந்தைய நாளின் சிறிய எண். அதனால் 41 ரூபாய் 17 ரூபாயில் நின்றது. பதினெட்டாம் நாள் வாங்க ஆள் வந்தது; விற்றேன். கையில் 34,000. திரும்ப 41-க்கு வர வேண்டுமானால் அது 141 சதவீதம் ஏற வேண்டும். இறங்கினது 59, ஏற வேண்டியது 141. இந்த இடம்தான் எனக்கு அவ்வளவு நாள் புரியாமல் இருந்தது.

கட்டணத்துக்குக் கடைசித் தேதி வந்துவிட்டது. பேங்கில் கடன் கேட்டால் எதற்கு என்பார்கள். கேணிக்கரையில் ஒருவரிடம் 50,000 வாங்கினேன். மூணு வட்டி. மாதம் 1,500, பத்து மாதம். பேங்க்காரன் வட்டிக்கு வாங்குகிறான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மனுஷனுக்கு இன்றும் நன்றி. என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது 2011-ல், அதுவும் நானே சொல்லித்தான். இரண்டு நாள் பேசவில்லை.

அதற்கப்புறம்தான் ஸ்கேனை ஒழுங்காக எழுதக் கற்றேன். சதவீதம் மட்டும் போதாது. அன்று எத்தனை பங்கு கை மாறியது, வழக்கத்தைவிட எத்தனை மடங்கு என்றும் பார்க்க வேண்டும். ஒரு நாள் வியாபாரமே சில லட்சம்தான் என்றால் அந்தப் பங்கைத் தள்ளிவிட வேண்டும். போனஸைக் கவனிக்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தால் கையிலிருக்கும் பங்கு இரண்டு மடங்காகும், விலை ஏறத்தாழ பாதியாகும், யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் பழைய விலையைத் திருத்தாமல் ஸ்கேன் ஓட்டினால் ‘50 சதவீதம் வீழ்ச்சி’ என்று முதலிடத்தில் வந்து நிற்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஒரு நண்பர் அப்படியொன்றை அவசரமாக வாங்கி, இரண்டு வருஷம் போனஸுக்காகக் காத்திருந்தார்.

தங்கை மகனுக்கு இதையெல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். ஆறு மாத ஏற்றம், வியாபார அளவு, போனஸ் திருத்திய விலை, தினசரி 5 சதவீத வரம்பில் இருக்கும் பங்குகள் வேண்டாம். அவன் முதலில் வைத்திருந்த ஸ்கேனில் அன்றைக்கு 62 பங்கு வந்திருந்தது. என்னுடையதில் 4. “என்ன மாமா, நாலுதானா?” என்றான்.

நேற்று போன் செய்தபோது கேட்டேன். பழைய ஸ்கேனைத்தான் ஓட்டுகிறானாம்.