ஆடி நீங்கிய கமரா: நிக்கொன் நிறுவனத்தின் இரு முறிவுகள்

கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதிதாகத் தோன்றியவற்றையே கணக்கிற் கொள்வர். கைவிடப்பட்டவை எவை, அவற்றைக் கைவிடத் தயங்கியோர் யாவர், அத்தயக்கத்தால் விளைந்த நன்மையும் தீமையும் யாவை என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. ஒளிப்படக் கமராவின் அண்மைக்கால வரலாறு இவ்வினாக்களை எழுப்புவதற்கு ஏற்றதொரு களமாகும். எஸ்.எல்.ஆர். என வழங்கும் ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமரா அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒளிப்படத் தொழிலின் அடையாளமாக விளங்கியது. அது ஆடியில்லாக் கமராவுக்கு இடம்விட்டு விலகியபோது யப்பானின் நிக்கொன் நிறுவனம் எதிர்கொண்ட நெருக்கடியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்விருவகைக் கமராக்களுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். தெறிப்புக் கமராவில் வில்லையினூடாகப் புகும் ஒளி 45 பாகைச் சாய்வில் நிற்கும் ஆடியொன்றிற் பட்டு மேலே தெறித்து, ஐங்கோண அரியத்தின் வழியாகப் படம் எடுப்பவரின் கண்ணை அடைகின்றது. பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலெழ, ஒளி பின்னாலுள்ள படச்சுருளிற் சென்று விழும். படச்சுருளைக் கழுவும்வரை அதிற் பதிந்தது யாதெனக் காண இயலாத காலத்தில், வில்லை காண்பதையே கண்ணும் காணச் செய்த இவ்வேற்பாடு பெரும் பேறாகும். ஆயின், ஆடி எழுந்து இறங்குவதற்கு வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே வெற்றிடம் ஒன்று இன்றியமையாததாயிற்று. பிற்காலச் சிக்கல்கள் பல அவ்வெற்றிடத்திலிருந்தே பிறந்தன.

1988இல் நிக்கொன் எனப் பெயர் மாற்றிக்கொண்ட நிப்பொன் கொகாக்கு நிறுவனம் 1917இல் தோன்றியது. தொடக்கத்தில் அது கமரா நிறுவனமாக அன்றி, ஒளியியற் கருவிகளைச் செய்யும் நிறுவனமாகவே இயங்கியது. பின்னாளில் அதன் பெரும் போட்டியாளராக விளங்கிய கெனன் நிறுவனத்தின் தொடக்ககாலக் கமராவுக்கு வில்லை செய்து கொடுத்ததும் இந்நிறுவனமே. போருக்குப் பின்னர் 1948இல் நிக்கொன் என்ற பெயரில் தன் முதற் கமராவை வெளியிட்டது. 1950இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இந்நிறுவனத்தின் நிக்கோர் வில்லைகளைக் கண்டு வியந்து, கொரியப் போரைப் படம்பிடிக்க அவற்றைப் பயன்படுத்தினார். யப்பானியப் பொருள் என்றாலே மலிவுப் போலி என எண்ணிய மேலைநாட்டார் தம் கருத்தை மாற்றிக்கொள்ள இது வழிகோலிற்று.

அக்காலத்து நிக்கொன் கமராக்கள் தெறிப்புக் கமராக்கள் அல்ல, தூரமானிக் கமராக்களேயாகும். 1954இல் ஜேர்மனியின் லைக்கா நிறுவனம் எம்3 என்னும் தூரமானிக் கமராவை வெளியிட்டபோது, அவ்வழியில் அதனை விஞ்சுதல் அரிது என்பதை யப்பானியர் உணர்ந்தனர். தெறிப்புக் கமரா அப்போது புதுமையன்று. டிரெஸ்டன் நகரில் 1936இல் எக்சாக்டாவும் 1949இல் ஐங்கோண அரியம் கொண்ட கொன்டக்ஸ் எஸ்ஸும் தோன்றியிருந்தன. யப்பானின் அசாகி நிறுவனமும் 1952 முதல் இத்துறையில் முன்னேறி, 1957இல் பென்டக்ஸ் கமராவை வெளியிட்டிருந்தது. இவற்றுக்கெல்லாம் பின்னர், 1959இல், நிக்கொன் எப் வெளிவந்தது. மசாஹிகோ புகேத்தாவின் தலைமையில் உருவாகி, யூசாகு கமெகுரா புறவடிவம் அமைத்த அக்கமராவின் சிறப்பு, மாற்றத்தக்க வில்லைகள், நோக்குசாளரங்கள், படச்சுருளைத் தானே நகர்த்தும் மோட்டார் ஆகியன ஒன்றோடொன்று பொருந்தும் முழுமையான தொகுதியாக அது அமைந்தமையாகும்.

ஈண்டு ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. எப் கமராவுக்கென நிக்கொன் புதியதொரு வில்லைப் பிணைப்பை அமைத்தது. வில்லையைக் கமராவின் உடலோடு இணைக்கும் உலோக வளையமே மவுண்ட் எனப்படும் இப்பிணைப்பாகும். தூரமானிக் கமராவுக்காக வாங்கிய வில்லைகளைப் புதிய கமராவிற் பொருத்தி வழக்கம்போற் பயன்படுத்த இயலாது. எனவே, பிற்காலத்தில் மரபைப் பேணும் நிறுவனம் எனப் புகழப்பட்ட நிக்கொனின் அம்மரபே ஒரு முறிவிலிருந்துதான் தொடங்கிற்று. இதனை முதல் முறிவு எனலாம்.

அதன்பின் ஐம்பத்தொன்பது ஆண்டுகள் எப் மவுண்ட் நிலைத்தது. தன்னியக்கக் குவிப்பு வந்தபோதும், படச்சுருள் மறைந்து எண்ணிமுறை வந்தபோதும் அவ்வளையத்தின் வடிவம் மாறவில்லை. கெனன் நிறுவனமோ 1987இல் தன் எப்.டி. பிணைப்பை அடியோடு கைவிட்டு, ஈ.எப். என்னும் புதிய பிணைப்பை ஏற்றது. பழைய வில்லைகளை வைத்திருந்தோர் இதனால் வெகுண்டனர். நிக்கொன் வாங்கினால் வில்லை வீண்போகாது என்னும் நம்பிக்கை அக்காலத்தில் உறுதிப்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் அந்நம்பிக்கைக்கு விலையொன்று இருந்தது. எப் பிணைப்பின் உள்விட்டம் 44 மில்லிமீற்றர். கெனனின் புதிய பிணைப்பினுடையது 54 மில்லிமீற்றர். கெனன் குவிப்பு மோட்டாரை வில்லையினுள்ளேயே வைத்தது. நிக்கொனோ பழைய பிணைப்புக்கு இயைய, உடலிலுள்ள மோட்டாரின் சுழற்சியைச் சிறு தண்டொன்றின் மூலம் வில்லைக்குக் கடத்தியது. கெனன் 1989இல் எப்/1.0 துவாரமுடைய தன்னியக்க வில்லையை வெளியிட்டது. நிக்கொனின் எப் பிணைப்புத் தன்னியக்க வில்லைகள் எப்/1.4 என்னும் எல்லையை இறுதிவரை கடக்கவில்லை. இவ்வாறு, 1987இல் வெறுப்பைத் தேடிக்கொண்ட நிறுவனம் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு இடங்கொண்ட வீட்டையும், அவ்வாண்டில் நன்றியைப் பெற்ற நிறுவனம் நெருக்கமான வீட்டையும் தமதாக்கிக்கொண்டன.

எண்ணிமுறை ஒளிப்படத்தின் தொடக்கம் நிக்கொனுக்குச் சாதகமாகவே அமைந்தது. 1991இல் கொடாக் வெளியிட்ட எண்ணிமுறைக் கமரா நிக்கொன் எப்3இன் உடலின்மீதே அமைக்கப்பட்டது. 1999இல் நிக்கொன் தானே உருவாக்கிய டி1, 2.7 மெகாபிக்சல் கொண்டதாயினும், செய்தி ஒளிப்படக்காரர் படச்சுருளைக் கைவிடத் தூண்டிற்று. ஆயின் இம்மாற்றமே ஆடியின் அடித்தளத்தையும் அரித்தது. படச்சுருள் குருடு, ஆகவே கண்ணுக்கு ஆடி வேண்டியிருந்தது. எண்ணிமுறை உணரியோ தான் காண்பதை அக்கணமே திரையிற் காட்ட வல்லது. 2008இல் வெளிவந்த நிக்கொன் டி90, டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் எண்ணிமுறைத் தெறிப்புக் கமராக்களுள் முதன்முதலாக அசையும் படத்தையும் பதிவு செய்தது. அவ்வாறு பதிவு செய்யும் நேரம் முழுவதும் ஆடி மேலே தூக்கப்பட்டு வாளாவிருந்தது. அதே 2008இல் பனசொனிக் நிறுவனம் ஆடியே இல்லாத ஜி1 கமராவை வெளியிட்டது.

நிக்கொன் இம்மாற்றத்தை அறியாதிருக்கவில்லை. 2011இல் நிக்கொன் 1 என்னும் ஆடியில்லாக் கமரா வரிசையை அது வெளியிட்டது. ஆனால் அவ்வரிசையின் உணரி 13.2க்கு 8.8 மில்லிமீற்றர் என்ற சிற்றளவினது. தன் தெறிப்புக் கமராக்களின் விற்பனையைத் தானே குலைத்துவிடலாகாது என்னும் அச்சம் இத்தெரிவில் இழையோடிற்று எனக் கருத இடமுண்டு. கொனிக்கா மினோல்டாவின் கமராத் தொழிலை 2006இல் பெற்றுக்கொண்ட சொனிக்குக் காக்கவேண்டிய பழஞ்செல்வம் அத்துணை இருக்கவில்லை. அது 2013இல் படச்சுருளின் முழு அளவுடைய உணரியோடு அல்பா 7 கமராவை வெளியிட்டது. இழப்பதற்குக் குறைவாக உடையவனே துணிவான் என்பது தொழில் வரலாற்றிலும் மெய்யாயிற்று.

இதற்கிடையிற் சந்தையே சுருங்கியது. யப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கின்படி, 2010இல் ஏறத்தாழ 121 மில்லியன் எண்ணிமுறைக் கமராக்கள் அனுப்பப்பட்டன. 2020இல் அத்தொகை 9 மில்லியனுக்கும் கீழாயிற்று. கைத்தொலைபேசியே இவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம். 2012இல் 16 மில்லியனைக் கடந்திருந்த தெறிப்புக் கமராக்கள் 2020இல் 2.4 மில்லியனளவுக்குக் குறைந்தன. அவ்வாண்டில் ஆடியில்லாக் கமராக்கள் எண்ணிக்கையில் அவற்றை முந்தின.

இரண்டாம் முறிவு 2018 ஓகத்தில் நிகழ்ந்தது. இசட்7, இசட்6 என்னும் முழு அளவு உணரியுடைய ஆடியில்லாக் கமராக்களை நிக்கொன் அறிவித்தது. புதிய பிணைப்பின் உள்விட்டம் 55 மில்லிமீற்றர். ஆடி நீங்கியமையால், பிணைப்புக்கும் உணரிக்கும் இடைப்பட்ட தூரம் 46.5 மில்லிமீற்றரிலிருந்து 16 மில்லிமீற்றராகக் குறைந்தது. அறுபதாண்டு நெருக்கத்திலிருந்து விடுபட்ட வில்லையமைப்பாளர்கள் அடுத்த ஆண்டே எப்/0.95 துவாரமுடைய நொக்ற் வில்லையை ஆக்கினர்.

பழைய வில்லைகளுக்கென எப்.டி.இசட். என்னும் இணைப்பு வளையமும் உடன் வந்தது. மோட்டார் உள்ளே பொருந்திய வில்லைகள் அதன்வழி செவ்வனே இயங்கின. உடலின் மோட்டாரை நம்பி ஆக்கப்பட்ட பழைய வில்லைகளோ அவ்வளையத்திற் பொருந்தினும் தாமாகக் குவியமாட்டா; கையாற் குவித்தல் வேண்டும். 1980களிலும் 1990களிலும் நிக்கொனின் வாக்கை நம்பி வில்லை வாங்கியோரே இவ்வாறு பாதிவழியில் விடப்பட்டனர். பழமையைக் காக்கும்பொருட்டு எழுந்த ஏற்பாடே இறுதியிற் காக்கப்படாது போயிற்று.

அதன்பின் நிக்கொனின் கமரா வரிசை விரைந்து உருமாறியது. 2020இல் வெளிவந்த டி780, டி6 ஆகியவற்றுக்குப் பின்னர் புதிய தெறிப்புக் கமரா எதனையும் அது வெளியிடவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட இசட்9 கமராவில் ஆடி மட்டுமன்றிப் பொறிமுறை ஷட்டரும் நீக்கப்பட்டது. 2022இல் தொடக்கநிலையினருக்கான டி3500 உற்பத்தி நிறுத்தப்பட்டவற்றுட் சேர்ந்தது. தெறிப்புக் கமராவின் ஆக்கப்பணியிலிருந்து நிக்கொன் விலகுகிறது என்று அவ்வாண்டு யூலையில் யப்பானியப் பத்திரிகையொன்று எழுதியபோது, அது ஊகமென்றும் உற்பத்தியும் விற்பனையும் பராமரிப்பும் தொடர்கின்றன என்றும் நிறுவனம் விடையிறுத்தது. புதியன ஆக்கப்படுமென்ற உறுதி அவ்விடையில் இருக்கவில்லை. 2024இல் திரைப்படக் கமராக்களுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ரெட் நிறுவனத்தை நிக்கொன் வாங்கிக்கொண்டமை, அசையும் படத்தின் பக்கம் அது திரும்புவதைக் காட்டுகின்றது. 2023இன் இசட் எப் கமராவோ 1982இல் வந்த எப்எம்2இன் தோற்றத்தை மேற்கொண்டது; பழைய வடிவம் மீண்டது, ஆடி மீளவில்லை. கண்ணாடி வழியே நேரிற் காண்பதன் இன்பத்தை முன்னிறுத்தித் தெறிப்புக் கமராவைத் தொடர்வதாக 2020இல் அறிவித்த பென்டக்ஸ் மட்டுமே எதிர்த்திசையில் நின்றது.

இவ்வரலாற்றை ஆராயின், நிக்கொன் பழைமையைப் பேணியது தவறென்று முடிவுகட்டுதல் எளிது. அது முறையான முடிவன்று. எப் மவுண்டின் நிலைபேறு இல்லையேல், தந்தை வாங்கிய வில்லையை மகன் எண்ணிமுறைக் கமராவிற் பொருத்திய காட்சியை உலகம் கண்டிராது. விலையுயர்ந்த கருவியைப் பலமுறை வாங்கும் ஆற்றலற்றோர் ஒளிப்படக் கலையிற் புகுவதற்கு அந்நிலைபேறும், அதனாற் செழித்த பழம்பொருட் சந்தையும் வாயிலாயின. தவறு முறிந்தமையிலும் இல்லை. தன் முதற் பெருமையே ஒரு முறிவின் பயன் என்பதை மறந்து, சந்தை செழித்திருந்த காலத்திற் செய்யவேண்டியதைச் சந்தை சரிந்த காலம்வரை ஒத்திவைத்தமையே தவறாகும். 1959இல் முறிவு வளர்ச்சியின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. 2018இல் அது வீழ்ச்சியின் நடுவே நிகழ்ந்தது. சுருங்கிய சந்தையில் விலைகுறைந்த உடல்களுக்கு இடமும் குறையும். ஆகவே, நிக்கொனின் எதிர்காலத்தை அதன் உயர்நிலைக் கமராக்களை மட்டும் கொண்டு மதிப்பிடலாகாது. டி3500 விட்டுச் சென்ற இடத்தில், புதிதாகக் கற்கவரும் ஒருவன் வாங்கத்தக்க கருவியை அந்நிறுவனம் தொடர்ந்து வைக்குமா என்பதைக் கொண்டே அதனை மதிப்பிடல் வேண்டும்.