தலைக்காசு: இடையில் நின்றவரின் பங்கு

“தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?” என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இடையில் நின்று ஒரு செயலை முடித்துத் தருபவன் தனக்கும் சிறிது எடுத்துக்கொள்வது இயல்பே என்று உலகியல் அறிந்தோர் அதற்குப் பொருள் கூறுவர். ஆயின், அந்தத் தேன் யாருடையது? புறங்கையில் ஒட்டியது எவ்வளவு? அதனைத் தேனுக்கு உரியவன் அறிவானா? இவை வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்விகள். மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழரின் வரலாற்றில் இக்கேள்விகளுக்கு விடை தேடுவோமாயின், முதலில் நம்மை எதிர்கொள்ளும் சொல் ‘தலைக்காசு’ என்பதாகும்.

கங்காணி முறைக்கு முன்னர் இங்கு நிலவியது ஒப்பந்தக் கூலி முறை. நம் முன்னோர் அதனைச் ‘சஞ்சிக் கூலி’ என்றனர். மலாய் மொழியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல்லே இவ்வாறு தமிழர் நாவில் திரிந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள மாகாண வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, தோட்ட முதலாளிகள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இருந்த ஆள்சேர்ப்பு நிறுவனங்களை நாடினர். அந்நிறுவனங்கள் தமக்குக் கீழ்த் தரகர்களை வைத்திருந்தன. அத்தரகர்கள் ஊர் ஊராகச் சென்று ஆள் திரட்டினர். ஒவ்வொரு படியிலும் ஒரு கை நீண்டது. ஒவ்வொரு கைக்கும் ஒரு பங்கு சென்றது. கப்பற் கட்டணமும் முன்பணமும் கூலியின் பெயரில் கடனாக எழுதப்பட்டு அவன் ஊதியத்திலிருந்தே பிடித்தம் செய்யப்பட்டன. தன்னைத் தேடிப் பிடிப்பதற்கு ஆன செலவைத் தானே உழைத்து அடைத்தவன் அந்தக் கூலி. இம்முறையில் 1910ஆம் ஆண்டு வரை வந்தோர் ஏறத்தாழ 2½ இலட்சம் பேர். அவ்வாண்டு இம்முறை முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

காப்பியும், பின்னர் இரப்பரும் பரவியபோது கங்காணி முறை வலுப்பெற்றது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவரிடம் பணமும் அதிகாரமும் கொடுத்து அவரது சொந்த ஊருக்கே அனுப்பினர். அவர் தம் உறவினரையும் சாதியினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தார். முன்பின் அறியாத தரகனை நம்பாத உழவன், மாமனையோ பெரியப்பனையோ நம்பிக் கப்பலேறினான். 1938ஆம் ஆண்டு வரை இவ்வாறு வந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று வரலாற்றறிஞர் கணக்கிட்டுள்ளனர்.

கங்காணிக்கு வருவாய் இரு வழிகளில் வந்தது. ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று சேர்ப்புத் தரகு ஒருமுறை கிடைத்தது. அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்குச் செல்லும் ஒவ்வொரு நாளும் ஒன்றிரண்டு காசு தொடர்ந்து கிடைத்தது. இரண்டாவதாகச் சொன்னதே தலைக்காசு.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய கங்காணியின் கீழ் 100 பேர் வேலை செய்தனர் என்றும், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2 காசு தலைக்காசு என்றும் கொள்வோம். நாளொன்றுக்கு அவருக்கு 2 வெள்ளி வரும். 1920களில் முக்கிய தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக வரையறுக்கப்பட்டிருந்தன. ஆகவே பால்வெட்டும் கத்தியைத் தொடாமலேயே அக்கங்காணி நான்கு ஆண்களின் கூலியைப் பெற்றார். மாதம் 26 நாள் வேலை என்றால் தொழிலாளிக்கு 13 வெள்ளி. கங்காணிக்குத் தலைக்காசு மட்டும் 52 வெள்ளி.

“இப்பணம் தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்கப்பட்டதன்று, தோட்டமே தனியாகக் கொடுத்தது” என்று சிலர் வாதிடலாம். ஏட்டுக் கணக்கின்படி அது சரியே. ஆயினும் தோட்டத்துரை கணக்குப் பார்க்கும்போது கூலி, தரகு, தலைக்காசு ஆகிய மூன்றும் ஆட்செலவு என்ற ஒரே பெட்டியிலிருந்துதான் வெளியே சென்றன. அப்பெட்டியிலிருந்து இடையாளுக்குச் சென்ற காசு தொழிலாளியை அடைய இயலாத காசாகும்.

தலைக்காசின் கேடு அதன் அளவில் மட்டும் இருந்ததன்று. அது கொடுக்கப்பட்ட முறையிலேயே இருந்தது. ஆள் வேலைக்குச் சென்றால்தான் காசு. அதிகாலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது ஒருவன் காய்ச்சலால் லயத்தில் படுத்திருந்தால், அன்று கங்காணியின் வருவாயில் 2 காசு குறைந்தது. ஆகவே நோயாளியை எழுப்பி வேலைக்கு விரட்டுவது அவருக்கு ஆதாயமாயிற்று. ஊரில் பெரியப்பாவாக இருந்தவர் தோட்டத்தில் மேய்ப்பராக மாறியது அவரது மனக்கொடுமையால் மட்டும் அன்று. பெற்ற ஊதியத்தின் அமைப்பே அவரை அவ்வாறு மாற்றிற்று. நம் கதைகளில் கோட்டும் தலைப்பாகையும் பிரம்புமாக வரும் கங்காணியைக் கொடியவராகவே மாணவர்க்குக் காட்டி வருகிறோம். அவரும் ஒரு காலத்தில் வெறுங்கையோடு கப்பலேறியவர்தாம் என்பதையும், அவரை அவ்வாறு நிறுத்தி வைத்த கணக்கேடு வேறொருவரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

அக்காலத்து இலங்கையில் நிலைமை இன்னும் கடுமையாக இருந்தது. அங்குத் தொழிலாளியின் கடன் ‘துண்டு’ என்னும் ஒரு சீட்டில் எழுதப்பட்டது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின், அக்கடனைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். இவ்வாறு கடன் கைமாறும்போது ஆளும் கைமாறினான். 1921ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

மலாயாவில் வேறொரு வழி முன்னரே காணப்பட்டது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்று நிறுவப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் பெற்றது. இந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் யாவரும், தாம் வைத்திருந்த ஆட்களின் அளவுக்கேற்ப இந்நிதிக்கு வரி செலுத்த வேண்டும். ஆள் சேர்க்கும் செலவும் கப்பற் கட்டணமும் அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டன. அதன் பயனாகத் தொழிலாளி கடனின்றிக் கரையிறங்கினான். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்திற்குச் செல்லவும் அவனால் இயன்றது.

இந்நிதி இரக்கத்தால் எழுந்ததன்று. இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில் போதிய ஆள் வேண்டும் என்ற தேவையே அதனைத் தோற்றுவித்தது. ஒருவர் செலவிட்டுக் கொண்டுவந்த ஆளை மற்றொருவர் ஆசை காட்டி இழுத்துக்கொள்ளும் வழக்கமும் முதலாளிகளை வருத்திற்று. நோக்கம் எதுவாயினும், அது நமக்கு ஓர் உண்மையைக் காட்டிச் சென்றது. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியின் முதுகில் ஏற்றுவது இயற்கை விதியன்று. அதனை ஆளைப் பயன்படுத்துவோர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள முடியும். பங்கிட்டுக்கொண்டும் தோட்டங்கள் செழித்தன.

ஆயினும் சேர்ப்புச் செலவு நிதியின் பொறுப்பாகிய பின்னரும் தலைக்காசு ஒழியவில்லை. கடன் நீங்கியது, இடையாள் நீங்கவில்லை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், கங்காணி வழி ஆள் சேர்ப்பதை நிறுத்திவிடலாம் என்று தம் அறிக்கையில் கூறினார். 1938ஆம் ஆண்டில் தோட்ட முதலாளிகள் ஆண்களின் கூலியை 50 காசிலிருந்து 45 காசாகவும், பெண்களின் கூலியை 40 காசிலிருந்து 35 காசாகவும் குறைக்க முற்பட்டனர். அவ்வாண்டு சூன் திங்களில் இந்திய அரசு, உதவி பெற்றுத் தொழிலாளர் மலாயாவுக்குச் செல்வதைத் தடை செய்தது. அத்துடன் கங்காணியின் கடற்பயணம் முடிவுற்றது.

போருக்குப் பின்னர் தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. கூலியை முதலாளியிடம் நேரில் பேசிப் பெறும் நிலை வந்தது. ஆனால் காலப்போக்கில் தோட்டங்களுக்குள் ஒப்பந்தக்காரர் என்ற பெயரில் இடையாள் மீண்டும் நுழைந்தார். களையெடுக்கவும் பழம் வெட்டவும் வந்தவர்கள் தோட்டத்தின் செக்ரோலில் பெயர் இல்லாதவர்களாயினர். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால் வேலையைக் கொடுத்த மூல முதலாளியும் பொறுப்பாவார் என்று மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் கூறுகிறது. ஆளை மட்டும் வழங்கும் ஒப்பந்தக்காரரைப் பற்றி அச்சட்டத்தில் 2012ஆம் ஆண்டு திருத்தம் செய்யப்பட்டபோது, முதலாளி என்பவர் யார் என்பதே மங்கிவிடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன.

இன்று கோட்டும் பிரம்பும் இல்லை. அவற்றின் இடத்தில் முகவை நிறுவனங்கள் உள்ளன. ஒரு தொழிற்சாலை, ஓர் ஆளின் ஒரு மணி நேர வேலைக்கு முகவைக்கு 15 வெள்ளி கொடுக்கிறது என்றும், அந்த ஆளின் கைக்கு 10 வெள்ளி வருகிறது என்றும் கொள்வோம். இடையிலுள்ள 5 வெள்ளியில் சேமநிதியும் காப்புறுதியும் அலுவலகச் செலவும் நேர்மையான ஆதாயமும் அடங்கியிருக்கலாம். அவ்வாறாயின் அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் தொழிற்சாலை கொடுப்பதைத் தொழிலாளி அறியான். தொழிலாளி பெறுவதைத் தொழிற்சாலை கேளாது. இரண்டையும் அறிந்தவர் நடுவில் நிற்பவர் ஒருவரே. அறிவு ஒருவரிடம் மட்டும் இருக்குமிடத்தில் பேரமும் அவர் பக்கமே சாயும். முகவைகள் பொதுவிதியாகத் தொழிலாளரிடம் கட்டணம் பெறலாகாது என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் 181ஆம் உடன்படிக்கையில் வரையறுத்தது. எனினும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இங்கு வருவோர் பலர், நிலத்தை அடகு வைத்துத் தரகு கொடுத்துவிட்டே விமானம் ஏறுகின்றனர். நம் பாட்டனார் கப்பலில் சுமந்து வந்த கடனை அவர்கள் விமானத்தில் சுமந்து வருகின்றனர்.

ஆசிரியர்கள் கங்காணியைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளில், மாணவர்களிடம் மூன்று கேள்விகளை எழுதித் தருதல் நலம். இடையில் நிற்பவர் செய்த பணி யாது? அதற்குப் பணம் கொடுத்தவர் யார்? கொடுத்த தொகையை உழைத்தவர் அறிவாரா? நாளை அம்மாணவர்களுள் சிலர் ஒப்பந்தத் தாளில் கையொப்பமிடுவர். சிலர் அத்தாளை மற்றவர்முன் நீட்டும் இடத்தில் அமர்வர். இருசாராரும் இக்கேள்விகளைக் கேட்கக் கற்றிருப்பார்களாயின், பெரட்டுக் களத்தில் காய்ச்சலோடு நின்ற நம் முன்னோரின் பாடு வீண்போகாது.