தீர்ப்பிடும் நாவும் தேற்றும் கரமும்

மயிலைக் கடற்கரையில் புனித தோமையாரின் கல்லறைமீது எழுந்து நிற்கும் சாந்தோம் பேராலயத்தை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் அரியர். ஆனால் அதே சாந்தோமில் பதினேழாம் நூற்றாண்டில் நிகழ்ந்த ஒரு துயரம் நம்மில் பலருக்குத் தெரியாது. அதனை நினைவுகூர்வது நமக்கு நலம் பயக்கும்.

1606-ஆம் ஆண்டு திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலை மறைமாவட்டத்தை நிறுவினார். அதன் ஆயரை முன்மொழியும் உரிமை போர்த்துக்கீசிய அரசருக்கு இருந்தது. 'பதுரவாதோ' என வழங்கிய ஞான ஆதரவுரிமை அதுவே. 1640-இல் சற்று வடக்கே ஆங்கிலேயர் புனித ஜார்ஜ் கோட்டையை எழுப்பத் தொடங்கினர். 1642-இல் எப்ரேம் தெ நெவேர் என்னும் பிரெஞ்சு கப்புச்சின் துறவி அங்கு வந்து சேர்ந்தார். பெகு நாட்டுக்குப் பயணமான அவர், கோட்டைப் பகுதிக் கத்தோலிக்கருக்குக் குருவாகத் தங்கிவிட்டார். ஆங்கிலேயர் சீர்திருத்த சபையினராயினும் அவரை ஏற்றுக்கொண்டனர். அவருடைய சொந்தத் திருச்சபையைச் சார்ந்த சாந்தோம் போர்த்துக்கீசியரோ அவரை ஐயத்துடன் நோக்கினர். அவர் பதுரவாதோவுக்கு உட்படாதவர். மேலும் சாந்தோமின் மக்களும் வணிகமும் புதிய நகரை நாடிச் சென்றுகொண்டிருந்தன.

1649-இல் எப்ரேம் சாந்தோமில் பிடிபட்டுக் கோவாவின் விசுவாச விசாரணை மன்றத்திற்கு அனுப்பப்பட்டார். ஒரு சச்சரவைச் சமரசம் செய்யச் சென்ற இடத்திலேயே அவர் பிடிபட்டார் என்று பிரெஞ்சுப் பயணி தவர்னியே எழுதியுள்ளார். சமாதானம் செய்யப் போனவர் கைதியானார்! விசுவாசத்துக்கு மாறாகப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. ஏறத்தாழ ஈராண்டு அவர் சிறையில் வாடினார். அவருடைய விடுதலைக்காக இசுலாமியரான கோல்கொண்டா அரசரும் வற்புறுத்தினார் என்பது நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி. விடுதலை பெற்ற எப்ரேம் சென்னைக்கே திரும்பி, நெடுங்காலம் அம்மக்களுக்குப் பணியாற்றினார்.

தனி மனிதருக்கு நேர்ந்தது பின்னர் நகருக்கே நேர்ந்தது. 1832-இல் உரோமையின் நேர் ஆட்சியில் சென்னை அப்போஸ்தலிக்க விகாரியத்து உருவாயிற்று. விசுவாசம் ஒன்று, திருப்பலி ஒன்று. ஆனால் ஒரே நகரில் இரு ஆட்சிகள்! 1952-இல்தான் இரண்டும் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமாக இணைந்தன. சாந்தோம் பேராலயமாக விளங்க, கப்புச்சின் துறவிகளின் பணியில் வேரூன்றிய அர்மீனியன் தெரு புனித மரியன்னை ஆலயம் இணைப்பேராலயமாயிற்று. எப்ரேம் சிறைப்பட்டு முந்நூற்று மூன்று ஆண்டுகளுக்குப் பின் இந்த ஒற்றுமை கைகூடியது. தீர்ப்பிடுவதற்கு ஒரு நாள் போதும்; அது பிரித்ததை ஒட்டுவதற்குத் தலைமுறைகள் வேண்டியிருக்கின்றன.

அன்று எப்ரேமைப் பிடித்தவர்களைத் தீயோர் என்று நாம் முத்திரை குத்துவோமானால், அவர்கள் செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். தங்கள் திருச்சபையைக் காப்பதாகவே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். பிறரைத் தீர்ப்பிடும்போது நாமும் அவ்வாறே எண்ணிக்கொள்கிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

யாருடைய கல்லறையருகே இது நிகழ்ந்ததோ அந்தத் தோமையாரையே நினைப்போம். உயிர்த்த ஆண்டவரைக் கண்டோம் என்று சீடர்கள் சொன்னதை அவர் நம்பவில்லை. ஆயினும் எட்டு நாள்களுக்குப் பின் அவர் அவர்களோடுதான் இருந்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. ஐயுற்றவரை அவர்கள் வெளியே தள்ளியிருந்தால், ஆண்டவர் வந்தபோது அவர் எங்கே இருந்திருப்பார்? அந்த எட்டு நாள் பொறுமையின் கனியை அல்லவா நாம் மயிலையில் வணங்குகிறோம்?

தவற்றைத் தவறு என்று சொல்வது வேறு. தவறியவரைத் தள்ளிவைப்பது வேறு. முன்னதற்குத் தனிமையும் அன்பும் போதும். நெடுநாள் கழித்து ஆலயம் வந்து கடைசி வரிசையில் நிற்பவரும், குடியை விட்டு மீளப் போராடுபவரும், மணவாழ்வு முறிந்து தலைகுனிந்து வருபவரும் நம் பங்குகளில் உள்ளனர். இவர்கள் ஏன் வந்தார்கள் என்று முணுமுணுக்கும் நாவைவிட, வாருங்கள் என்று நீளும் கரமே திருச்சபையைக் கட்டியெழுப்பும். அந்தக் கரம் நம்முடையதாகட்டும்.